அலாஸ்காவில் வில்லோடு மூஸ் வேட்டை: கைடு வேண்டுமா, வேண்டாமா?

அலாஸ்காவுக்குப் போய் வில்லும் அம்புமாக மூஸ் வேட்டையாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: கைடு வைத்துக்கொள்வதா, நாமே போய்விடுவதா? பெரும்பாலும் இதைப் பணக் கணக்காகத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். கைடோடு போனால் 20,000 டாலரைத் தாண்டும், கைடு இல்லாமல் போனால் அதில் பாதிக்குள் முடித்துவிடலாம், அப்படியானால் எதற்குக் கைடு என்று. நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. அம்பு பட்டு மூஸ் விழுந்த நிமிடத்திலிருந்து அடுத்த இரண்டு மூன்று நாட்களை யார் பார்த்துக்கொள்வது? அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் கைடு வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

மான் குடும்பத்திலேயே பெரியது மூஸ். அதிலும் அலாஸ்கா, யூகான் பக்கம் இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய வகை. வளர்ந்த ஆண் 540 கிலோவிலிருந்து 725 கிலோ வரை இருக்கும், தோள் உயரமே 6 அடி வரும். நம் மலைக்காட்டுக் கடமானைப் பார்த்திருப்பீர்கள், நல்ல பெரிய கடமான் இரண்டைச் சேர்த்து நிறுத்தினால்தான் இதன் எடைக்குப் பக்கத்தில் வரும். அலாஸ்கா முழுவதும் ஏறக்குறைய 1,75,000 முதல் 2,00,000 மூஸ்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 6,000 முதல் 8,000 வரை வேட்டையாடப்படுகின்றன. அதில் பெரும்பகுதியை எடுப்பவர்கள் அந்த மாநிலத்துக்காரர்களே, கொம்புக்காகப் போகிறவர்களைவிடக் குளிர்காலத்துக்குக் கறி சேர்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் சட்டம். வெளிமாநில அமெரிக்கர் ஒருவர் அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலை ஆடு இவற்றை வேட்டையாடப் போனால் உரிமம் பெற்ற கைடு கட்டாயம் கூட வர வேண்டும், அல்லது அலாஸ்காவில் குடியிருக்கும் 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் கூட வர வேண்டும். மூஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாமல், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கவும் செய்யாத வெளிநாட்டவருக்கு மூஸ் உட்பட எல்லாப் பெரிய விலங்குகளுக்கும் கைடு கட்டாயம். அதாவது சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விசா எடுத்துப் போகிறவருக்கு இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள கேள்வியே எழாது. டெக்சாஸில் குடியுரிமை வாங்கி உட்கார்ந்திருக்கும் தமிழருக்கு எழும். அவர் வேட்டை உரிமத்துக்கு 160 டாலரும் மூஸுக்கான டேக் எனும் அனுமதிச் சீட்டுக்கு 800 டாலரும் கட்டிவிட்டு, தானே கிளம்பலாம்.

கிளம்பலாம் என்றால் எப்படி? சாலை போகாத நாடு அது. இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கைடு வேறு, டிரான்ஸ்போர்ட்டர் வேறு. இரண்டு பேருக்கும் மாநில அரசின் வாரியம்தான் உரிமம் தருகிறது, ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை. டிரான்ஸ்போர்ட்டர் சிறு விமானத்திலோ படகிலோ உங்களைக் கொண்டுபோய் இறக்குவார், சொன்ன நாளில் வந்து உங்களையும் கறியையும் ஏற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான். மூஸைத் தேடித் தருவது, கூப்பிட்டுத் தருவது, அறுப்பது, காட்டுக்குள்ளிருந்து கறியைத் தூக்கி வருவது எல்லாம் அவர் செய்யக்கூடாத வேலைகள், செய்தால் அவர் உரிமமே போகலாம். விமானி நல்ல மனிதராக இருக்கிறாரே, கொஞ்சம் கை கொடுக்க மாட்டாரா என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இன்னொன்று, விமானத்தில் வந்து இறங்கிய அன்றைக்கே மூஸை வேட்டையாடக் கூடாது. மறுநாள் விடிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும். மேலே இருந்து பார்த்துவிட்டு இறங்கி அடிப்பதைத் தடுக்க வந்த விதி அது.

நிலம் யாருடையது என்பதும் முக்கியம். 1971-இல் வந்த சட்டத்தின்படி அலாஸ்காவின் பூர்வகுடி நிறுவனங்களுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலம் போனது. ஆற்றோரக் கிராமங்களைச் சுற்றியுள்ள நல்ல மூஸ் நிலத்தில் நிறைய அவர்களுடையது. நீங்கள் படகைக் கட்டிய சரளைத் திட்டு பொது இடமாக இருக்கலாம், கரை ஏறி வில்லோ என்ற ஆற்றோரப் புதருக்குள் நுழைந்ததும் அடுத்தவர் நிலமாக இருக்கலாம். 1980-இல் வந்த இன்னொரு சட்டம் மத்திய அரசின் நிலங்களில் உள்ளூர் கிராமத்தாரின் உணவு வேட்டைக்கு முன்னுரிமை தருகிறது, அதனால் சில இடங்கள் வெளியாருக்கு மூடியே இருக்கும். கைடுகள் விஷயத்திலும் நிலத்துக்கு நிலம் வேறுபாடு உண்டு. முன்பு ஒரு பகுதி ஒரு கைடுக்கே என்று மாநிலம் ஒதுக்கித் தந்துகொண்டிருந்தது. வனவிலங்கு மக்கள் எல்லோருக்கும் பொது என்று அலாஸ்கா அரசியலமைப்பு சொல்கிறது, இந்த ஒதுக்கீடு அதற்கு விரோதம் என்று 1988-இல் ஓசிசெக் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் மாநில நிலத்தில் ஒரே பள்ளத்தாக்கில் பல கைடுகளின் முகாம்கள் இருக்கலாம். மத்திய அரசின் வனவிலங்குப் புகலிடங்களிலோ போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த சில கைடுகள்தான் தொழில் செய்ய முடியும். துப்பாக்கிக்காரருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம். வில்லோடு போகிறவருக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய வேட்டை முழுக்கக் கூப்பிட்டு வரவழைப்பதில் இருக்கிறது. பக்கத்து மேட்டில் இன்னொருவரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த நாள் வீண்.

சரி, வில்லுக்கு வருவோம். மூஸுக்கு அலாஸ்கா விதி கேட்பது குறைந்தது 50 பவுண்டு இழுவிசை உள்ள வில், குறைந்தது 20 அங்குல நீளமும் முனையோடு சேர்த்து 300 கிரெயின் (ஏறக்குறைய 19 கிராம்) எடையும் உள்ள அம்பு. இது அடிமட்டக் கணக்கு. இவ்வளவு பெரிய விலங்கின் விலாவைக் கடந்து அம்பு மறுபக்கம் வர வேண்டுமானால் 60, 70 பவுண்டு வில்லும் 450 கிரெயினுக்கு மேற்பட்ட கனமான அம்பும், பட்டதும் விரியும் தகடுகள் இல்லாத, கெட்டியான நிலைத்தகட்டு முனையும்தான் நான் சிபாரிசு செய்வது. தூரம் 30 கஜத்துக்குள்.

இந்த 30 கஜம்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் மேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்து 200 மீட்டரில் முடித்துவிடலாம். நீங்கள் அந்த மூஸைக் கைக்கெட்டும் தூரத்துக்கு வரவழைக்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஆண்கள் கொம்பின் மேல் தோலை உரசி உதிர்த்துவிடும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். வெளிமாநிலத்தாருக்கான வேட்டைக்காலம் பல இடங்களில் செப்டம்பர் 25 வாக்கில் முடிந்துவிடுவதால் உச்சம் நெருங்கி வரும் அந்தக் கடைசி வாரம்தான் வில்காரருக்குப் பொன்னான நேரம்.

கூப்பிடுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு கையையும் வாயருகே குவித்தோ, பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டியோ, பெண் மூஸின் நீண்ட முனகலை எழுப்புவார்கள். தொடங்கி, மேலே போய், இழுத்து இழுத்து அடங்கும் குரல். அப்புறம் அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். நடுவில் காய்ந்த தோள்பட்டை எலும்பு ஒன்றை எடுத்து வில்லோ புதரில் வறட்டு வறட்டென்று தேய்ப்பார்கள், அது இன்னொரு ஆண் கொம்பை உரசுகிற சத்தம். பெண் மூஸ் சிறுநீர் கழிக்கும் சத்தம் போலக் கேட்க, தேங்கிய நீரில் புட்டியிலிருந்து தண்ணீரை ஒழுகவிடுவதும் உண்டு. காற்றில்லாத காலையில் இந்தச் சத்தம் ஒரு மைலுக்கு மேல் போகும். ஆண் உடனே வராது. ஒரு மணி நேரம் கழித்து வரலாம், மறுநாள் விடிகாலையில் நீங்கள் நேற்றுக் கூப்பிட்ட அதே இடத்தில் வந்து நிற்கலாம். வந்தால் முதலில் கேட்பது தொண்டைக்குள்ளிருந்து வரும் குட்டையான உறுமல்தான், அப்புறம் கிளை ஒடியும் சத்தம், அப்புறம் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி வரும் வெளிறிய கொம்பு.

இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூப்பிட்டதும் நீங்கள், எய்ய வேண்டியதும் நீங்கள். அது குரல் வந்த இடத்தை நோக்கி, அதாவது நேராக உங்கள் முகத்தை நோக்கி வரும். 15 மீட்டரில் நின்று உங்களையே பார்க்கும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அம்புக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது, இரண்டு பக்கமும் கனத்த தோள் எலும்பு. வில்லை இழுக்கவும் முடியாது, இழுத்தால் பார்த்துவிடும். பல நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும், அல்லது உங்கள் மேல் பட்ட காற்று போகும் பக்கமாகச் சுற்றி வந்து வாசம் பிடித்துவிடும். இரண்டு பேர் இருந்தால் எய்பவர் முன்னால், கூப்பிடுபவர் 40, 50 மீட்டர் பின்னால். மூஸின் கவனம் முழுவதும் பின்னால் இருப்பவர் மேல் இருக்கும், அது எய்பவரைத் தாண்டிப் போகையில் விலாவைக் காட்டும். கைடு வாங்குகிற காசில் பாதிக்கு நியாயம் இந்த ஒரு இடத்திலேயே இருக்கிறது என்பேன். பல பருவங்கள் கூப்பிட்டுப் பழகியவருக்கு எப்போது கூப்பிடுவது என்பதைவிட எப்போது வாயை மூடிக்கொள்வது என்று தெரியும். ஆனால் இதை ஒரு நண்பரும் கற்றுக்கொள்ளலாம், பொறுமை உள்ள நண்பராக இருந்தால்.

கூட இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளிமாநிலத்தார் பெரும்பாலான பகுதிகளில் எந்த ஆண் மூஸையும் அடித்துவிட முடியாது. கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிப்பக்கக் கிளைமுனைகள் ஏதாவது ஒரு பக்கம் மூன்றோ நான்கோ இருக்க வேண்டும், எண்ணிக்கை பகுதிக்குப் பகுதி மாறும். கீனாய் தீபகற்பத்தில் 1987-இல் தொடங்கிய முறை இது. நடுவயது ஆண்களை விட்டுவைத்தால் இனப்பெருக்கத்துக்குப் போதுமான ஆண்கள் மிஞ்சும் என்பது கணக்கு. 48 அங்குலக் கொம்பை 50 என்று நினைத்து அடித்துவிட்டால் நீங்களே போய் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும், கறியும் கொம்பும் அரசுக்குப் போய்விடும், வழக்கும் உண்டு. வில்காரருக்கு மூஸ் பக்கத்தில் நிற்பதால் கிளைமுனைகளை எண்ணுவது சுலபம்தான், ஆனால் எய்யப்போகிறவரின் கண் கொம்பில் இருக்கக் கூடாது, முன்னங்காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எண்ணுகிற வேலை பின்னால் இருப்பவருக்கு. அவர் சரி என்று காட்டும் சைகை என்ன என்பதை முகாமிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அம்பு குண்டைப் போல அதிர்ச்சியில் வீழ்த்தாது. இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு போனால் இரத்தம் வடிந்துதான் விலங்கு சாகும். நன்றாகப் பட்ட மூஸ் பல நேரம் பதறி ஓடாது, கொஞ்ச தூரம் நடந்து நிற்கும், தள்ளாடும், படுத்துவிடும். அப்போது எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிற அவசரம்தான் காரியத்தைக் கெடுக்கும். துரத்தப்பட்டால் அது தண்ணீரைத் தேடும். இடுப்பளவு குளிர்நீரில் 600 கிலோ விழுந்துவிட்டால் இரண்டு பேரால் அதைக் கரைக்கு இழுக்க முடியாது, தண்ணீருக்குள் நின்றேதான் அறுக்க வேண்டும், செப்டம்பர் அலாஸ்காவில் அது உயிருக்கே ஆபத்து. அதனால் பக்கத்தில் ஏரியோ ஆழமான சேறோ இருந்தால் எவ்வளவு நல்ல வாய்ப்பானாலும் நாணை விடாமல் இறக்கிவிடுவதுதான் சரி.

இனிதான் கறி.

அலாஸ்கா சட்டம் இதில் கறாரானது, கறாராக இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி, விலாக்கறி, முன்னந்தொடைகள் முழங்கால் வரை, பின்னந்தொடைகள் கணு வரை, முதுகின் இரண்டு பக்கத்துச் சதை, உள்ளே இருக்கும் மென்கறி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர வேண்டும். விட்டுவந்தால் குற்றம். கறி முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான், அல்லது கடைசிச் சுமையோடு சேர்த்துத்தான் கொம்பு வரலாம். சில பகுதிகளில் தொடைகளையும் விலாவையும் எலும்போடேயே கொண்டுவர வேண்டும், எலும்போடு இருந்தால் கறி கெடுவது குறைவு என்பதால்.

ஒரு பெரிய ஆணில் எலும்பு நீக்கியே 225 கிலோவுக்குப் பக்கத்தில் கறி வரும். ஒரு நடைக்கு 30 கிலோ என்றால் எட்டு நடை. எலும்போடு என்றால் இன்னும் கூடும், ஒரு பின்னந்தொடையே ஒரு ஆள் முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்திருக்கத் திணறுகிற சுமை. மூஸ் விழுந்த இடம் ஆற்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எட்டு நடைக்குப் போகவர 24 கிலோமீட்டர், அதில் பாதி சுமையோடு. தரையோ நடக்கிற தரை இல்லை. முழங்கால் உயரப் புல்முண்டுகள், மேலே கால் வைத்தால் சாயும், இடையில் வைத்தால் தண்ணீர். மொட்டைப் பாதையில் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு இங்கே மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. கைடு இல்லாமல் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான விதி இதிலிருந்து வருகிறது: தண்ணீரிலிருந்தோ விமானம் இறங்கும் இடத்திலிருந்தோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மூஸை, அது எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும், எய்யாதீர்கள். கூப்பிடுவதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, எங்கே உட்கார்ந்து கூப்பிடுகிறீர்களோ அங்கேதான் அது வரும். இடத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில்.

எடையைவிட நேரம் பெரிய எதிரி. இவ்வளவு பெரிய உடம்பு தானாக ஆறாது. தோல் ஒரு கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பின்னந்தொடை இடுப்போடு சேரும் பந்துமூட்டுக்குள் சூடு தங்கிவிட்டால் மேலே கறி நன்றாக இருக்கும்போதே எலும்பை ஒட்டிப் புளிக்க ஆரம்பித்துவிடும். அதனால் விழுந்த உடனே மேல்பக்கத் தோலை உரித்து, முன்னந்தொடையை எடுத்து, பின்னந்தொடையை மூட்டோடு பிரித்து, காற்றோட்டமுள்ள துணிப்பையில் போட்டு, நிழலில் கம்பு கட்டித் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் கட்டவே கூடாது. அப்புறம் உடலைப் புரட்டி மறுபக்கம். ஒருவர் காலைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் அறுக்க வேண்டியிருக்கும். தனி ஆளாக இருந்தால் காலைக் கயிற்றால் மரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும், பக்கத்தில் மரம் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். மாலையில் அடித்தால் இந்த வேலை இரவு முழுக்கப் போகும். தொங்கவிட்ட கறியின் மேற்பரப்பு காய்ந்து ஒரு பொருக்கு கட்டினால் ஈ முட்டை வைக்காது, ஈரமும் உள்ளே போகாது. மழை பெய்தால் மேலே மட்டும் தார்ப்பாய், பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். பகலில் வெயில் அடித்து 15 டிகிரிக்குப் போகும் நாட்களும் செப்டம்பரில் உண்டு, அப்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கரடி வரும். வரலாம் என்று சொல்லவில்லை, வரும் என்றே எண்ணித் திட்டமிடுங்கள். குடல் கிடக்கும் இடத்திலிருந்து கறியை முதலிலேயே நகர்த்தி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய திறந்த வெளியில் வைப்பது வழக்கம். அடுத்த சுமைக்குத் திரும்பும்போது பேசிக்கொண்டே, சுற்றிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பலர் முகாமையும் கறியையும் சுற்றி எடுத்துச்செல்லும் மின்வேலி போடுகிறார்கள், நல்ல முதலீடு. அறுக்கிறவர் குனிந்திருக்கும்போது காவலுக்கு நிற்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதையும் கவனியுங்கள். மறுபடியும் அதே இரண்டாவது ஆள்.

கெட்டுப்போன கறி உள்ளூர்க்காரர்களை ஏன் அப்படிக் கொதிக்க வைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். மின்டோ என்ற அதபாஸ்கன் பூர்வகுடிக் கிராமத்தில் 1975-இல் ஒருவர் இறந்துபோனார். அவருக்கான இறுதிச்சடங்கு விருந்துக்குப் புதிய மூஸ் கறி வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேட்டைக்காலம் இல்லாத நேரத்தில் மூஸை அடித்துக் கொண்டுவந்ததற்காகக் கார்லோஸ் ஃபிராங்க் என்பவர் தண்டிக்கப்பட்டார். 1979-இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது, அந்த விருந்தில் மூஸ் கறி என்பது மத வழிபாட்டுச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று. அப்படி மதிக்கிற மக்களின் ஆற்றில், கறுத்து நாறும் தொடைகளோடு வெளியூர்ப் படகு வந்து இறங்கினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? உங்களால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத கறியை, அதற்கான உரிமை மாற்றப் படிவத்தை நிரப்பிக் கிராமத்தில் கொடுத்துவிடலாம், சட்டமே இடம் தருகிறது. ஆனால் நல்ல கறியாக இருக்கும்போது கொடுக்க வேண்டும், வேண்டாததைத் தள்ளிவிடுவதாக இருக்கக் கூடாது.

ஆகவே என் கருத்து. ஒரு பெரிய விலங்கைக்கூடத் தன் கையால் உரித்து அறுத்திராதவர், முதல் தடவை வில்லோடு மூஸுக்குப் போகிறவர், கைடோடு போகட்டும். கைடோடு சேர்த்து அறுக்கவும் சுமக்கவும் ஆள் வருகிறது, விமானத்தை வரவழைக்கும் ஏற்பாடு வருகிறது, கற்றுக்கொள்ளவும் நிறைய வருகிறது. மற்ற மான்களை வில்லால் அடித்து, தானே அறுத்துப் பழகிய இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ரப்பர் படகில் ஆற்றோடு மிதந்து போகும் வேட்டைக்குத் தாராளமாகக் கைடு இல்லாமல் போகலாம். அந்த முறையில் கறியைப் படகு சுமக்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கிக் கூப்பிடலாம். இரண்டு பேருக்கு ஒரு மூஸ் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது இன்னும் நல்லது. தனியாகப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை அங்குலக் கொம்பு கிடைக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, வில்காரர்களைக் கூட்டிப்போய் எவ்வளவு பழக்கம், கூப்பிடப்போவது அவரா அல்லது உதவியாளரா, அந்த உதவியாளருக்கு எத்தனை பருவ அனுபவம், முகாம் மாநில நிலத்திலா புகலிடத்திலா, வேறு யார் அங்கே முகாம் போடுகிறார்கள், காயம்பட்டு ஓடிய மூஸையும் அடித்த கணக்கில் சேர்ப்பாரா என்று கேளுங்கள். முன்பு அவரோடு போய் வெறுங்கையோடு திரும்பியவர்களின் எண்ணையும் வாங்கிப் பேசுங்கள். டிரான்ஸ்போர்ட்டரிடம் கேட்க வேண்டியது வேறு: மூஸ் விழுந்ததும் செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பினால் எத்தனை நாளில் கறியை எடுக்க வருவார், அவருடைய விமானத்தில் ஒரு மூஸுக்கு எத்தனை நடை ஆகும், ஒவ்வொரு நடைக்கும் தனிக் கட்டணமா, வானிலை மோசமானால் யாருடைய கறியை முதலில் எடுப்பார். சூப்பர் கப் போன்ற சின்ன விமானத்தில் விமானியைத் தவிர ஒருவர்தான் உட்கார முடியும், முழு மூஸும் ஒரே நடையில் வராது. இந்தப் பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.